மோதிரம் விற்கும்போது உலோகத்தின் பெயரையும் பில்லில் எழுதுங்கள்

புதுச்சேரி நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் மோதிரம் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் ‘டங்ஸ்டன் மோதிரம்’ என்று கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் பொருளை டூல் ஹோல்டரில் மாட்டி இரும்பு சீவுவதுதான் என் பிழைப்பு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பில்லில் ‘ஃபேன்ஸி மோதிரம் 1’ என்று எழுதாதீர்கள். டங்ஸ்டன் கார்பைடா, டைட்டானியமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று எழுதிக் கொடுங்கள். விரல் வீங்கி மோதிரம் கழலாமல் தவிப்பவருக்கு அந்தப் பெயர் கட்டாயம் வேண்டும்.

டங்ஸ்டன் கார்பைட் மோதிரத்தில் கீறல் விழாது என்று வாடிக்கையாளரிடம் சொல்கிறீர்கள். உண்மைதான். கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் வைரம் 10, டங்ஸ்டன் கார்பைட் 9 அல்லது அதற்குச் சற்று மேல். நம் கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் 7தான். மணலில் கையை வைத்துத் தேய்த்தாலும் தங்க மோதிரம்தான் மங்கும், இது பளபளப்பு குறையாமல் இருக்கும். சுவரில் ஓட்டை போடும் பிட்டின் நுனியில் பற்றவைத்திருப்பதும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியின் பிட்டில் பொத்தான் பொத்தானாகப் பதித்திருப்பதும் இதே சரக்கு. நீங்கள் பில் எழுதும் பால்பாயிண்ட் பேனாவின் முனையில் உருளும் குண்டுகூடப் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ‘உடையவே உடையாது’ என்றும் சேர்த்துச் சொல்கிறீர்களே, அது தவறு. இது ஒரே வார்ப்பாக உருக்கி ஊற்றிய உலோகம் இல்லை. டங்ஸ்டனும் கரியும் சேர்ந்த மணிகளை மாவாக்கி, கோபால்ட் மாவு கலந்து, அச்சில் அழுத்தி, சுமார் 1,400 டிகிரி செல்சியஸில் சூளையில் வைப்பார்கள். கோபால்ட் இளகி, செங்கற்களுக்கு நடுவே சாந்து போல மணிகளைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். 1923இல் பெர்லினில் ஆஸ்ரம் நிறுவனத்தில் கார்ல் ஷ்ரோட்டர் இந்த வழியைக் கண்டபோது தேவைப்பட்டது பல்பு இழை இழுக்கும் அச்சு. அதுவரை அதற்கு வைரம் வைத்திருந்தார்கள். பிறகு க்ரூப் என்ற ஜெர்மன் எஃகு நிறுவனம் இதை விடியா என்ற பெயரில் விற்றது. எந்தக் கம்பெனி டிப்பாக (டூலின் வெட்டும் முனையாக) இருந்தாலும் நாங்கள் இன்றும் விடியா என்றுதான் கேட்டு வாங்குகிறோம்.

ஹைஸ்பீடு ஸ்டீல் டூல் சுமார் 600 டிகிரியில் பதம் இழந்துவிடும். விடியா அதையும் தாண்டி நின்று வெட்டும். அப்படிப்பட்டது அதிர்ச்சிக்கு மட்டும் தாங்காது. டூல் தானாக நகரும் ஆட்டோ ஃபீடில் ஜாப் (கடையும் இரும்புத் துண்டு) ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அதைப் பிடித்துச் சுழற்றும் சக் நிற்பதற்குள் டூலைப் பின்னால் இழுத்தாக வேண்டும். இழுக்காவிட்டால் டிப்பின் மூக்கு ஜாப்பிலேயே உடைந்து உட்கார்ந்துவிடும். கீவே என்ற நீளப் பள்ளம் வெட்டிய ஷாஃப்டைக் கடைந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் விளிம்பு மோதி மோதி முனை பொரிந்துபோகும். உங்கள் மோதிரத்துக்கும் இதே குணம்தான். கிரானைட் தரையில் விழுந்து இரண்டாகப் போகலாம், போகாமலும் இருக்கலாம். வாங்குபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

போன கோடையில் முத்தியால்பேட்டைப் பையன் ஒருவனை அவன் அப்பா பட்டறைக்கு அழைத்து வந்தார். வாலிபால் ஆடியதில் விரல் வீங்கி, மோதிரத்துக்கு மேலே ஊதா நிறத்தில் இருந்தது. சோப்பு போட்டுப் பார்த்தாயிற்று. ஆசாரி தன் அரத்தால் அறுக்கப் பார்த்திருக்கிறார், வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. அடுத்து கிரைண்டரில் கட்டிங் வீல் போடலாமா என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். நினைத்தாலே பதறுகிறது. அந்தச் சூட்டில் மோதிரத்துக்கு முன்னால் விரல் வெந்துவிடும்.

பில்லில் உலோகத்தின் பெயர் இல்லை. ஒரு புது ஃபைலின் ஓரத்தை மோதிரத்தில் மெல்ல வைத்து இழுத்தேன். ஸ்டீலாகவோ டைட்டானியமாகவோ இருந்தால் ஃபைல் கடித்திருக்கும். இதில் ஒரு கோடுகூட விழவில்லை. விடியாதான். பிடித்த அளவிலேயே பூட்டிக்கொள்ளும் குறடான லாக்கிங் பிளேயரின் வாயை மோதிரத்தின் மேல் சும்மா தொடும் அளவுக்கு வைத்துப் பூட்டினேன். பிறகு விட்டு, பின்னால் உள்ள திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி பூட்டினேன். பையன் கண்ணை மூடிக்கொள்ள, மேலே துணி போர்த்தியிருந்தோம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். விளிம்பைத் திருப்பிவைத்து இன்னொரு முறை. மூன்று துண்டாக வந்தது. விரலில் ஒரு கீறலும் இல்லை.

இதையே ஸ்டீல் மோதிரத்தில் செய்திருந்தால் அது உடையாது, நசுங்கி விரலை இன்னும் இறுக்கியிருக்கும். அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒன்றுக்கு வைத்தியம் மற்றதற்கு வினை. அவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், போவதுதான் முறையும்கூட. அங்கேயும் மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டியது இது என்ன உலோகம் என்பதுதான். அதனால்தான் பில்லைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

விற்கும்போது இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுங்கள். இதில் சைஸ் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தட்டி நீட்ட இது தங்கம் இல்லை. சூளையிலிருந்து வந்த பிறகு இதைத் தேய்க்க வைரச் சக்கரம் வேண்டும். கோபால்ட் கலந்த மோதிரம் நம் ஊர் வியர்வையில் மங்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். நிக்கல் கலந்தது மங்காமல் நிற்கும், ஆனால் நிக்கல் ஒவ்வாதவர்கள் அதையும் போடக் கூடாது. எது கலந்தது என்று மொத்த வியாபாரியிடம் நீங்கள்தான் கேட்டு வைக்க வேண்டும். மேலே பூசிய தங்க நிறம் நாளாக ஆகத் தேயும். எடையை வைத்தும் யாரும் ஏமாறக் கூடாது. டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 15.6 மடங்கு, அதாவது ஏறக்குறைய 18 கேரட் தங்கத்தின் கனம். தங்க நிறத்தில் பூசிய ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துத் தங்கம் என்று நம்பிவிட இடமிருக்கிறது.

படகில் வலை இழுப்பவர், மில்லில் மிஷின் ஓட்டுபவர், என்னைப் போல லேத்தில் நிற்பவர் வாங்க வந்தால், வேலை நேரத்தில் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். எந்த மோதிரமும் எதிலாவது மாட்டி இழுத்தால் விரலின் தோலை உரித்துக்கொண்டு போய்விடும்.

பில்லில் எழுத இடம் போதாது என்றால் சின்னச் சீட்டு ஒன்று போதும்: ‘இது டங்ஸ்டன் கார்பைட் மோதிரம். சைஸ் மாற்ற முடியாது. கீழே போட்டால் உடையலாம். விரல் வீங்கிக் கழலாவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் சென்று இந்தச் சீட்டைக் காட்டவும். அறுக்கக் கூடாது, லாக்கிங் பிளேயரால் உடைத்து எடுக்க வேண்டும்.’ சொந்தச் செலவில் முதல் கட்டு அச்சடித்துத் தர நான் தயார். சந்தேகம் உள்ளவர்கள் விற்காமல் கிடக்கும் மோதிரம் ஒன்றோடு பட்டறைக்கு வாருங்கள். ஃபைலையும் பிளேயரையும் உங்கள் கையிலேயே கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரர்,
மேட்டுப்பாளையம், புதுச்சேரி