அப்பா வழியையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சினைப்பைப் புற்றுநோய் என்று பேச்சு வந்தாலே, "அம்மாவுக்கு இருந்ததா, சித்திக்கு, பாட்டிக்கு?" என்றுதான் கேட்கிறோம். அப்பாவைப் பெற்றவளையும் அத்தையையும் யாரும் விசாரிப்பதில்லை. இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்னும் மரபணுக்களில் உள்ள பிழை அப்பாவிடமிருந்தும் வரும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன், மகள் வித்தியாசம் கிடையாது. கூடப்பிறந்த பெண்கள் இல்லாத ஒருவர், தனக்கு எந்த நோயும் வராமலே அதை மகளிடம் சேர்த்துவிட முடியும். நம் குடும்பத்தில்தான் யாருக்கும் இல்லையே என்று அவளும் நிம்மதியாக இருப்பாள்.

பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குச் சற்று மேல் இந்நோய் வருகிறது. பிஆர்சிஏ1 பிழை உள்ளவர்களில் அது 39 முதல் 58 வரை. பிஆர்சிஏ2 என்றால் 13 முதல் 29.

சரி, வருடாவருடம் ஸ்கேனும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் எடுத்தால் போதாதா? அவை உயிரிழப்பைக் குறைப்பதாக நிரூபணமாகவில்லை. அதனால்தான் பிஆர்சிஏ1 பிழை உள்ளவர்களுக்கு, குழந்தைப்பேறு முடிந்த பின், 35-40 வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றப் பரிந்துரைக்கிறார்கள். சின்ன முடிவா அது! மாதவிடாய் அதோடு நின்றுபோகும்.

குடும்பத்தில் நோய் வந்தவர் இருந்தால் மரபணுப் பரிசோதனையை அவரிடமே தொடங்குவது நல்லது. அவரிடம் பிழை தெரிந்தால், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி