குகை தேடிப் போக ஆள்கூறு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடரில், முன்பு வெடிமருந்துக்கான உப்பு எடுத்த வெடியுப்புக் குகை பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் வந்த குறிப்பைப் படித்தோம். அதைப் பார்த்துவிட்டு விடுமுறையில் வான் பிடித்துப் போக இங்கே திருகோணமலையில் சிலர் ஆயத்தமாகிறார்கள். குறிப்பில் இருந்தது ஒரு படமும், ஆள்கூறாக அகலாங்கு, நெட்டாங்கு என்ற இரண்டு எண்களும்தான். எண்களைக் கைபேசியில் தட்டினால் குகை வாசலில் கொண்டுபோய் விடும் என்று நம்பிப் போகிறவர்கள் பொழுது சாய்ந்த பிறகு காட்டில்தான் நிற்பார்கள்.

முதலில் எண்களைப் பற்றி. பாகை, கலை என எழுதியதையும் தசமத்தில் எழுதியதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 7 பாகை 30 கலை என்பது தசமத்தில் 7.5. அதை 7.30 என்று தட்டினால் தெற்கே சுமார் 22 கிலோமீற்றர் தள்ளிப் போய்விடும். தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதையும் பாருங்கள். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் இடம் ஏறக்குறைய நூறு மீற்றர் அளவிலேதான் சொல்லப்பட்டிருக்கிறது. அடர்ந்த காட்டில் நூறு மீற்றர் என்பது கண்ணுக்கு எட்டாத தூரம்.

இரண்டாவது பிழை இதைவிட நுட்பமானது. ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் பழைய வரைபடங்களும் அவற்றிலிருந்து எடுத்து எழுதிய கட்டுரைகளும் கண்டவலைத் தளத்தை அடிப்படையாகக் கொண்டவை. தளம் என்பது ஆள்கூறுகளை எதை வைத்து அளப்பது என்ற அடிப்படை. கைபேசி காட்டுவது உலகப் பொதுத் தளமான டபிள்யூ.ஜி.எஸ். 84. பழைய அகலாங்கு, நெட்டாங்கை மாற்றாமல் அப்படியே கைபேசியில் இட்டால், உண்மையான இடத்துக்கு 200 மீற்றருக்கு மேல் மேற்கே புள்ளி விழும். மலையில் அது பக்கத்துப் பள்ளத்தாக்காகவும் இருக்கலாம். நில அளவைத் திணைக்கள வரைபடங்களில் இடத்தை மீற்றரில் குறிக்கும் கட்டங்களிலும் இரண்டு வகை உண்டு. பழையதில் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலைக்குக் கொடுத்த எண்கள் 200,000, 200,000. 1999 ஆம் ஆண்டுத் தளத்தில் அவை 500,000, 500,000. எந்தக் கட்டம் என்று சொல்லாமல் ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இந்தப் பெயர்ச்சியை ஊரிலேயே சோதிக்கலாம். பழைய வரைபடத்தில் பிரெட்ரிக் கோட்டை வாசலையோ கன்னியா வெந்நீரூற்றையோ அளந்து எடுங்கள். அதே இடத்தில் நின்று கைபேசி சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தீவு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பதால், அதே திருத்தத்தை நக்கிள்ஸ் எண்களோடும் கூட்டலாம்.

இனி, தரையில் தேடுவது எப்படி? இக்குகை எதற்குப் பயன்பட்டது என்பதே இதற்கு ஒரு துப்பு. பிரித்தானிய இராணுவ வைத்தியர் ஜோன் டேவி 1821 இல் வெளியிட்ட விவரணையில் நக்கிள்ஸ் மலைக் கிராமமான மீமுரேப் பக்கத்து வெடியுப்புக் குகையையும் அங்கு நடந்த தொழிலையும் எழுதியிருக்கிறார். வௌவால் எச்சம் ஊறிய பாறைப் பொருக்கைச் செதுக்கி, இடித்து, விறகுச் சாம்பலோடு கலந்து, தண்ணீர் விட்டு வடித்து, வடிநீரைக் காய்ச்சினால் உப்பு படியும். பொருக்கில் உள்ள கல்சியம் நைத்திரேற்றைச் சாம்பலின் பொட்டாசியம் வெடியுப்பாக மாற்றிவிடுகிறது. தண்ணீரும் விறகும் இல்லாமல் நடக்காத தொழில் இது. ஆகவே முகட்டிலே தேடுவது வீண் வேலை. ஓடைக்கு எட்டிய காட்டுச் சரிவில், செங்குத்துப் பாறையின் அடிவாரத்தில் தேடுங்கள். நம் மாவட்டத்தில் துறவிகள் உறைந்த பாறைக் குகைகளைப் பார்த்துப் பழகிய சிலர், மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் வெட்டிய வரிப்பள்ளத்தை இங்கும் தேடுகிறார்கள். இது உறைவிடக் குகை அல்ல, அந்த அடையாளத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வௌவால் நாற்றம்தான் முதலில் வரும், வாசல் பிறகுதான் கண்ணில் படும்.

புள்ளியை நோக்கி நேர்கோட்டில் நடப்பது கெட்ட பழக்கம். ஓடையை அடைந்ததும் குகை மேலேயா கீழேயா என்று தெரியாமல் திகைக்க வேண்டிவரும். வேண்டுமென்றே 200, 300 மீற்றர் கீழ்ப்புறமாகக் குறிவைத்துப் போய் ஓடையைப் பிடியுங்கள். அப்போது திரும்பவேண்டிய பக்கம் மேல்புறம் என்பதில் ஐயமே இராது. பாறை அடிவாரத்தை அடைந்ததும் ஆளுக்கு ஆள் 15 மீற்றர் இடைவெளி விட்டு, குரல் கேட்கும் தூரத்தில், ஒரே திசையில் நகருங்கள். மரக் கவிப்பின் கீழும் பாறைச் சுவரின் ஓரத்திலும் செய்மதிச் சமிக்ஞை பட்டுத் தெறிப்பதால் புள்ளி அங்குமிங்கும் தாவும். அதைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். வெட்டவெளியில் நின்று எடுத்த அளவையும் அங்கிருந்து திசைகாட்டி சொல்லும் கோணத்தையும் நம்புங்கள்.

தடங்கள் ஏமாற்றும் இடம் இது. இந்த மலையில் முன்பு காட்டுக்குள்ளேயே ஏலம் பயிரிட்டார்கள். ஏலத்துக்கு ஈரம் வேண்டும் என்பதால், அந்தப் பழைய தடங்கள் மலையைக் கடக்காமல் ஈரப் பள்ளங்களுக்குள் இறங்கி, ஏலம் உலர்த்திய கொட்டில் இருந்த இடத்தோடு நின்றுவிடும். தடம் நன்றாக இருக்கிறதே என்று நம்பிப் போனவர் அங்கே மாட்டிக்கொள்வார். மானாப்புல் வெளியில் பிரச்சினை வேறு: புல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து பாதையை மூடிவிடும், இரண்டு எட்டு முன்னால் போகிறவர்கூடத் தெரியமாட்டார். புல்வெளிக்குள் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் பதிவு செய்யாமல் நடக்காதீர்கள்.

வழக்கமான வழி கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய, லூல்வத்த ஊடாகக் கோர்பெட்ஸ் கெப் என்ற கணவாய்க்குப் போவது. திருகோணமலையிலிருந்து கண்டிக்கே சுமார் 180 கிலோமீற்றர் என்பதால், அதிகாலையில் புறப்பட்டு அன்றே குகை பார்த்துத் திரும்பும் திட்டத்தைக் கைவிடுங்கள். முதல்நாள் மலையடியில் தங்குங்கள். இது வனத் திணைக்களத்தின் பாதுகாப்புக் காடு. அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது குற்றம். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் கூட வரட்டும். காட்டுக்குள் பாதை இல்லாத இடத்தில் மணிக்கு ஒரு கிலோமீற்றர் நடந்தாலே பெரிது. குகை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிற்பகல் ஒரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். பின்னேர மழையில் ஓடை பெருகினால் காலையில் தாண்டிய இடத்தைத் தாண்ட முடியாது.

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், இரண்டு டோர்ச், ஒரு விசில். தரவிறக்கிய வரைபடம் இருந்தால் கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்தாலும் இடம் காட்டும், மின்கலமும் நீடிக்கும். அட்டைக்கு உலர்ந்த சவர்க்காரத்தைக் காலுறையில் தேய்த்துக்கொள்ளலாம். குளவிக்கும் தேனீக்கும் அப்படி மருந்து இல்லை. பாறை விளிம்பில் பெருந்தேனீக் கூடு தொங்குகிறதா என்று கீழே நின்று பார்த்துவிட்டே நெருங்குங்கள், அங்கே புகை மூட்டாதீர்கள், கூச்சல் போடாதீர்கள். உள்ளே வௌவால் எச்சத் தூசு நுரையீரலில் பூஞ்சைத் தொற்றை உண்டாக்கக்கூடியது. முகக்கவசம் இன்றி நுழைய வேண்டாம், தரையைக் கிளறவும் வேண்டாம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய குறிப்பை வெளியிடும்போது குகை வாசலின் எண்களைத் தவிர்த்து, அனுமதிச் சீட்டு வழங்கும் இடத்தையும் வாகனம் நிற்கும் கடைசி இடத்தின் ஆள்கூறையும் கொடுங்கள். அந்த ஆள்கூறு எந்தத் தளத்தில் எடுக்கப்பட்டது என்று பக்கத்திலேயே ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையேற்ற ஆர்வலர்கள்,
திருகோணமலை.