நான்கே ஆட்டத்தில் முடியாது

சுங்கை சிப்புட்,
4.6.2025

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரைப் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். ஒக்லஹோமா சிட்டி தண்டர் நான்கே ஆட்டத்தில் கிண்ணத்தைத் தூக்கிவிடும், இந்தியானா பேசர்ஸ் அணிக்கு வாய்ப்பே இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நம் பத்திரிகையில் கூடைப்பந்துக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த ஐந்தாறு வரியில் ஒரு வரி இப்படிப் போனதில் எனக்கு மனசு ஆறவில்லை.

தண்டர் எவ்வளவு பலமான அணி என்று எனக்கும் தெரியும். பருவத்தின் 82 ஆட்டங்களில் 68 வெற்றி. பேசர்ஸ் 50 தான். இரண்டு அணிகளும் இந்தப் பருவத்தில் இருமுறை மோதின, இருமுறையும் தண்டர்தான் ஜெயித்தது. தண்டரின் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியிருக்கிறார், ஆட்டத்துக்குச் சராசரி 32.7 புள்ளி. எதிராளி கையிலிருக்கும் பந்தைத் தட்டிப் பறிப்பதில் அந்த அணியை மிஞ்ச ஆளில்லை. போதாததற்கு, முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிறவருக்கே கிண்ணம் என்ற ஏழு ஆட்டத் தொடரே பலசாலிக்குச் சாதகமானது. ஒரு நாள் அசந்தால் கவிழ்த்துவிடலாம். நாலு நாள் கவிழ்க்க வேண்டும் என்றால் சும்மா இல்லை.

ஆனாலும் கவிழ்த்திருக்கிறார்கள். கிழக்கு, மேற்கு என்ற இரு பிரிவுகளில், எட்டாம் இடத்து அணி தன் பிரிவின் முதலிடத்து அணியை முதல் சுற்றில் வீழ்த்தியது இதுவரை ஆறு முறை. 1994-இல் டென்வர், 1999-இல் நியூயார்க். அப்போது முதல் சுற்று ஐந்து ஆட்டம். 2003-இலிருந்து அதையும் ஏழாக்கினார்கள். அதற்கப்புறம்தான் 2007-இல் கோல்டன் ஸ்டேட், 2011-இல் மெம்பிஸ், 2012-இல் பிலடெல்பியா, 2023-இல் மயாமி. ஆட்டம் கூடினால் சின்ன அணி செத்தது என்று நினைத்தவர்களுக்கு இந்த நாலும் பதில். பேசர்ஸ் எட்டாம் இடம்கூட இல்லை, கிழக்கில் நாலாம் இடம்.

இது எப்படி நடக்கிறது என்று நான் திடலிலேயே பார்த்தவள். 1989-இல் நான் படிவம் நான்கில் இருந்தேன். தோட்டத்திலிருந்து பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் நாங்கள். பள்ளியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் நாலு பேர் தமிழ்ப் பெண்கள், மற்றவர்கள் புதுக்கிராமத்துச் சீனப் பெண்கள். புதுக்கிராமத்துச் சிமெண்டுத் திடலில் மூன்று சனிக்கிழமை, மூன்று ஆட்டம் என்று ஏற்பாடு செய்தார்கள். எதிரே ஈப்போவிலிருந்து வந்த அணி. எங்களில் உயரமானவளே அவர்கள் தோள் வரைக்கும்தான் வருவாள். முதல் சனிக்கிழமை 22 புள்ளியில் தோற்றோம். திடலைச் சுற்றி நின்றவர்கள் ஆட்டம் முடியுமுன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அன்று இரவு எங்கள் சீன டீச்சர் திட்டவில்லை. எண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு "உன்னிடம் பந்து வாங்கியவள் எந்தப் பக்கம் திரும்பினாள்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், அவர்களின் ஏழாம் எண் பெண் எப்போதும் வலது பக்கம்தான் திரும்பினாள். ஒரு தடவைகூட இடது பக்கம் போகவில்லை. அடுத்த வாரம் முழுக்க அவள் வலது பக்கத்தை அடைப்பது ஒன்றைத்தான் பழகினோம். ஈர சிமெண்டில் சப்பாத்து வழுக்குகிறது என்று என் தோழி ஒருத்தி அம்மாவின் வாளியிலிருந்து கித்தாப் பால் (ரப்பர் பால்) எடுத்து அடிப்பாகத்தில் தடவிக் காயவைத்தாள். அது நன்றாகவே பிடித்தது. இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் ஜெயித்தோம். மூன்றாவதில் நாலு புள்ளியில் தோற்றோம், அந்த ஏழாம் எண் பெண்ணும் அதற்குள் இடது பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

தொடரில் அதே எதிராளியை மறுபடி மறுபடி சந்திக்கிறோம். ஜெயித்தவனுக்கு எதையும் மாற்றத் தோன்றாது. தோற்றவன்தான் இரவெல்லாம் உட்கார்ந்து படிக்கிறான். அந்தப் படிப்பில் பேசர்ஸ் பயிற்சியாளர் ரிக் கார்லைலைவிட நல்ல மாணவர் யாரும் எனக்குத் தெரியவில்லை. 2011 இறுதித் தொடரில் டல்லாஸ் அணிக்கு அவர்தான் பயிற்சியாளர். எதிரே லெப்ரான் ஜேம்ஸ், வேட், பாஷ் மூவரும் சேர்ந்த மயாமி. முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதில் கடைசி ஏழு நிமிடத்தில் 15 புள்ளி பின்தங்கி இருந்து 95–93 என்று ஜெயித்தார்கள். மூன்றாவது மறுபடி தோல்வி. நாலாவது ஆட்டத்துக்குக் கார்லைல் செய்த மாற்றத்தைப் பாருங்கள்: அணியிலேயே குள்ளமான பரேயாவைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அதற்குப் பின் டல்லாஸ் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை. அதே மனிதர்தான் வெள்ளிக்கிழமை பேசர்ஸ் பக்கம் நிற்கப்போகிறார்.

இனி அணியைப் பற்றி. இந்தப் பருவத்தில் முதல் 25 ஆட்டங்களில் 15 தோற்ற அணி இது. அங்கிருந்து ஏறி வந்திருக்கிறார்கள். எதிரணி புள்ளி போட்டாலும் சரி, விட்டாலும் சரி, பந்து கைக்கு வந்த மறுநொடி எல்லோரும் ஓடுகிறார்கள். ஒன்பது பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்குகிறார்கள். டி.ஜே. மெக்கானல் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தால், எதிராளி பந்தைத் தன் கூடையடியிலிருந்து எடுத்துப் போடும்போதே போய் மறிக்கிறார். நாலாம் கால்பகுதியில் எதிரணியின் கால் ஓய்ந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அதனால்தான் இறுதிக்கு வரும் வழியில் மூன்று சுற்றிலும் கிடைத்த கடைசி நிமிட வெற்றிகளை அதிர்ஷ்டம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மில்வாக்கிக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தின் கடைசி 40 விநாடியில் ஏழு புள்ளி பின்னால் இருந்து 119–118. பருவத்தில் 64 ஆட்டம் ஜெயித்த கிளீவ்லண்டை அவர்கள் சொந்தத் திடலில் 120–119. நியூயார்க்கில் இன்னும் மூன்று நிமிடம்கூட இல்லாதபோது 14 புள்ளி பின்னால். ஆரோன் நெஸ்மித் நாலாம் கால்பகுதியில் மட்டும் தூரத்திலிருந்து ஆறு மூன்று-புள்ளிக் கூடைகள் போட்டார். முடிவில் டைரீஸ் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, நேராக உள்ளே விழுந்தது. என் மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்தில் 138–135. ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம். மூன்று சுற்றிலும் என்றால் அது பழக்கம்.

ஹாலிபர்ட்டனைத் தேவைக்கு மேல் புகழப்பட்டவர் என்று சக ஆட்டக்காரர்களே இந்த ஆண்டு ஒரு கருத்துக்கணிப்பில் வாக்களித்தார்கள். நியூயார்க்குக்கு எதிரான நாலாவது ஆட்டத்தில் அவர் 32 புள்ளி, 15 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி போடக் கொடுத்த பந்து), 12 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது) எடுத்தார், ஒரு பந்தைக்கூடப் பறிகொடுக்கவில்லை. தண்டரின் பெரிய ஆயுதமே பந்துப் பறிப்பு. இப்படிப் பந்தைக் காப்பாற்றுகிறவர்தான் அதற்கு மருந்து. இன்னொருவர் பாஸ்கல் சியாகம். கேமரூனில் பாதிரியார் ஆவதற்கான பள்ளியில் படித்த பையன், கூடைப்பந்துக்கு வந்ததே தாமதம். 2019-இல் டொரொண்டோ அணியுடன் கிண்ணம் வென்றவர். இறுதித் தொடர் அவருக்குப் புதிதில்லை.

கில்ஜஸ்-அலெக்சாண்டரை யார் மறிப்பது என்பதுதான் எனக்கும் கவலை. பேசர்ஸின் ஆண்ட்ரூ நெம்ஹார்ட் மறிப்பார் என்று நினைக்கிறேன். இருவரும் கனடா தேசிய அணியில் ஒன்றாக ஆடியவர்கள், ஒருவர் ஆட்டம் மற்றவருக்கு அத்துப்படி. முதல் இரண்டு ஆட்டமும் ஒக்லஹோமாவில். அதில் ஒன்றைப் பேசர்ஸ் பிடுங்கிவிட்டால் தொடர் ஆறுக்குக் குறையாது. என் கணக்கில் ஏழு.

இந்தியானா கூடைப்பந்தில் ஊறிய மாநிலம். அங்கே மிலன் என்ற சிற்றூர்ப் பள்ளி, மொத்தம் 161 மாணவர்கள், 1954-இல் 32–30 என்று மாநிலக் கிண்ணத்தையே வென்றது. எங்கள் வட்டாரத் தோட்டத்துப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்த எண் நினைவுக்கு வரும். பேசர்ஸ் இன்னும் ஒரு என்.பி.ஏ. கிண்ணம்கூட வாங்கியதில்லை. இதற்கு முன் 2000-இல் ஒரே ஒருமுறை இறுதிக்கு வந்து லேக்கர்ஸிடம் 4–2 என்று தோற்றார்கள்.

ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தொடர் முடியும்வரை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பத்து வரி ஒதுக்குங்கள். நம் பெண் பிள்ளைகள் இன்றும் அதே சிமெண்டுத் திடலில் ஆடுகிறார்கள். மாலையில் என் மகளோடு ஆடும் ஆறு பேரில் மூவர் தோட்டத்துப் பிள்ளைகள். கைப்பேசியில் பார்த்ததைத் தமிழில் அச்சில் பார்த்தால் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள். நானும் வெட்டி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை 8.30-க்கு நமக்கு முதல் ஆட்டம். அன்று தையல் கடையைப் பதினொரு மணிக்கு மேல்தான் திறப்பேன். சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் என்பதால், பாஜு கூரோங் என்ற மலாய்ப் பெண்கள் உடையைத் தைக்கக் கொடுத்தவர்களை வியாழக்கிழமையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.