"அவருக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லும் முன்

நரம்பியல், தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் அசைவின்றிக் கிடப்பவரின் வீட்டாரிடம், "அவருக்கு எதுவும் தெரியாது, நீங்க பேசறது கேட்காது" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தத்துவம் படித்தவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். மூளைச்சாவு உறுதியானவர்களின் நிலை வேறு. அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.

கையை அழுத்தச் சொல்கிறீர்கள், அழுத்தவில்லை. மேலே பார்க்கச் சொல்கிறீர்கள், பார்க்கவில்லை. அதனால் உள்ளே உணர்வில்லை என்று முடிவு செய்தால், மனம் என்பது வெளியே தெரியும் நடத்தைதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தத்துவத்தில் இந்த நடத்தைவாதம் எப்போதோ ஆட்டம் கண்டுவிட்டது. உணர்வு என்பது மூளையில் நடக்கும் ஒரு நிகழ்வாக இருக்கலாம் என்று 1956இலேயே யு. டி. பிளேஸ் என்ற தத்துவ அறிஞர் வாதிட்டார்.

அப்புறம் 2006இல் நரம்பியல் ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினரின் சோதனை வந்தது. சாலை விபத்தில் சிக்கிய 23 வயதுப் பெண். கண் திறந்திருந்தது, ஆனால் எதற்கும் பதில் இல்லை. ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் விளையாடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். உடல் அசைவைத் திட்டமிடும் பகுதி இயங்கியது. வீட்டில் அறை அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னபோது, இடங்களை அறியும் பகுதி இயங்கியது. நலமாக இருப்பவர்களிடம் தெரியும் அதே இயக்கம். ஒரு விரலைக்கூட அசைக்காதவர், சொன்னதைக் கேட்டுச் செய்துகொண்டிருந்தார்!

2024இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாகப் பதில் தராத 241 பேரில் 60 பேரிடம் இப்படி மறைந்திருந்த பதில் தெரிந்தது. நால்வரில் ஒருவர்.

சரி, ஸ்கேன் எடுத்தால் முடிந்ததா என்றால், இல்லை. அதே ஆய்வில், கட்டளைக்குக் கண்ணெதிரே பதில் தந்த 112 பேரில் 43 பேரிடம்தான் மூளைப் பதிவிலும் அது தெரிந்தது. மூளைப் பதிவில் ஒன்றும் தெரியாததால் மனமே இல்லை என்று சொல்வதும் அவசர முடிவுதான். மூளையின்றி மனம் உண்டு என்று நான் வாதாடவில்லை. நம்மிடம் உள்ள எந்தச் சோதனையும் மனத்தை நேரில் பார்ப்பதில்லை என்பதே என் வாதம்.

அந்தக் கருவியும் பயிற்சியும் எல்லா மருத்துவமனைக்கும் வாய்க்காது என்பது புரிகிறது. ஆனால் வீட்டாரிடம், "நாங்கள் சோதித்தவரை பதில் கிடைக்கவில்லை, உள்ளே என்ன தெரிகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது" என்று சொல்லலாமே. ஊசி போடும் முன் நோயாளியிடம் பெயர் சொல்லி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரிவியுங்கள். பிழைப்பாரா, செலவு எவ்வளவு என்ற பேச்சையெல்லாம் அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு தத்துவ மாணவன்