கயிறும் கலனும்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் சுதா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

பள்ளிக்கூடப் புதினம் கேட்டிருந்தாய். மாரி தொடங்குமுன் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். அதிபரும் சம்மதித்தார். உயிர்காப்புப் பயிற்சி எடுத்த தம்பி ஒருவர் வந்தார்.

நம் ஊர்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, அதற்கும் அப்பால் குளமும் வயற்கிணறும். இதற்குள் பிள்ளையை வளர்த்துக்கொண்டு, "தண்ணிப் பக்கம் போகாதே" என்று ஏசுவதோடு விட்டுவிடுகிறோம். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அதுவும் கூடுதல். 2004 சுனாமியில் நம் கரையோரத்தில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் செத்தார்கள். நீச்சல் தெரியாததும் அதற்கு ஒரு காரணம். இருபது வருடம் தாண்டியும் "பொம்பிளைப் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெற்றோரைத் திகைக்க வைத்தது ஒன்று. மூழ்கிற பிள்ளை கையைத் தூக்கிக் கத்தும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வாய் தண்ணீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு எடுக்கவே நேரம் காணாது, கத்துவது எங்கே? கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமத்தும், முகம் வானத்தைப் பார்க்கும். ஒரு நிமிசத்துக்குள் சத்தமே இல்லாமல் தாழ்ந்து போய்விடும். பக்கத்தில் நிற்பவர் விளையாடுகிறது என்று நினைப்பார்.

அப்புறம், காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போகிற கதை. அதற்குத்தான் அந்தத் தம்பி ஐந்து லீற்றர் எண்ணெய்க் கலன் ஒன்றில் நைலோன் கயிற்றைக் கட்டிக் காட்டினார். மூடியை இறுக்குமுன் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆளுக்கு நேரே எறியாமல், அவரைத் தாண்டி விழும்படி எறிந்து, கயிற்றை அவர் கைக்கு இழுத்து வர வேண்டும். இழுப்பவர் தரையில் படுத்துக்கொண்டால் தானும் சரிய மாட்டார். மைதானத்தில் ஒரு பிள்ளையை இருத்தி மாறி மாறி எறிந்தார்கள். ஏழாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தி, அவள் எறிந்தது ஒன்றும் பிசகவில்லை.

கடலில் அலை உடையாமல் அமைதியாகக் கிடக்கிற இடம்தான் பல வேளை வெளியே இழுக்கும் இடம். மாட்டினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரையோடு பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். வெள்ளம் கடலுக்கு வடிய ஆற்றுவாய் மணலை வெட்டிவிடுகிற நாட்களில் முகத்துவாரப் பக்கம் வேடிக்கை பார்க்கக்கூடப் பிள்ளைகளை விடக் கூடாது. அந்த இழுவைக்கு நீச்சற்காரனும் நிற்க மாட்டான்.

மீட்ட பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமத்துவது எல்லாம் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயால் ஊதி மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்த வேண்டும். இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

நடக்கத் தொடங்கிய குஞ்சுகளுக்கு இந்தப் பாடம் எதுவும் உதவாது. பங்களாதேசில் தாய்மார் வேலையாக இருக்கும் காலை 9 மணி முதல் 1 மணி வரை ஊருக்குள்ளேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களை வைத்து, இந்தச் சாவுகளை வெகுவாகக் குறைத்தார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்று மாதர் சங்கத்தில் கேட்டிருக்கிறேன்.

சுதா, திருக்கோவிலில் உங்கள் வளவுக்குள் கட்டில்லாத அந்தக் கிணறு இன்னும் அப்படியேதானா? தை லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்கு முன் மேசனைப் பிடித்து இடுப்பளவுக்காவது கட்டுவித்துவிடு. அதுவரை பலகை போட்டு மூடி வை. வேலை முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராஜி