விலைப்பட்டியலுக்குள் அடங்காத மாநாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செக் நாட்டின் பிராக் நகரில் ஆண்டுதோறும் கூடும், கணினி ஹேக்கர்களின் மாநாடான ஹேக்கர்ஸ் காங்கிரஸ் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், "பிட்காயின் விலையேற்றத்தில் குளிர்காய வந்தவர்களின் திருவிழா" என்றொரு வரி இருந்தது. அந்த மாநாட்டில் பார்வையாளனாக உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அதைப் படித்து மனம் புண்பட்டே இதை எழுதுகிறேன்.

மாநாட்டை நடத்தும் 'பாரலெல்னி போலிஸ்' ('இணை நகரம்') என்ற அமைப்பு எந்த மரபில் வந்தது என்பது தாங்கள் அறியாததல்ல. 1976-இல் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்' என்ற ராக் இசைக்குழுவினரைச் செக்கோஸ்லோவாக்கிய அரசு சிறையில் தள்ளியது. அதைக் கண்டு கொதித்தவர்கள் ஒன்றுசேர்ந்ததால் அடுத்த ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை பிறந்தது. அதில் கையெழுத்திட்ட வாட்ஸ்லாவ் பெண்டா, அரசின் பிடிக்கு வெளியே கல்வி, கலை, செய்தி, பொருளாதாரம் ஆகியவற்றுக்கு மக்களே இணை அமைப்புகளைக் கட்ட வேண்டும் என்று 1978-இல் எழுதினார். மறு ஆண்டே கைதாகி நான்காண்டுத் தண்டனை பெற்றார். அந்தச் சிந்தனையை எடுத்துக்கொண்டுதான் 2014-இல் ஸ்டோஹோவென் கலைக்குழுவினரும் ஹேக்கர்களும் பிராக்கின் ஹோலெஷோவிட்ஸே பகுதியில் பாரலெல்னி போலிஸைத் திறந்தார்கள். 2015-இல் பிராக் கோட்டையின் மேல் அதிபரின் கொடியை இறக்கிவிட்டுப் பெரிய சிவப்பு உள்ளாடையைப் பறக்கவிட்டவர்களும் இதே கலைக்குழுவினர்தாம். இவர்களையா விலையேற்றத்தில் குளிர்காய்பவர்களோடு சேர்ப்பது?

அங்கிருந்த காபிக் கடையில் ரொக்கம் வாங்கவில்லை; வங்கி இடையில் இல்லாமல் ஒருவருக்கொருவர் அனுப்பும் பிட்காயின் போன்ற மின்பணத்தைத்தான் வாங்கினார்கள். செக் கொருனா நோட்டை நீட்டிய முதியவர் ஒருவரின் கைபேசியில், கல்லாவில் நின்ற பெண் அந்தப் பணத்தைக் கையாளும் செயலியான வாலெட்டைப் பொறுமையாக நிறுவிக் கொடுத்தார்; பின்னால் வரிசை நீண்டும் எவரும் முகம் சுளிக்கவில்லை. நான் கேட்ட உரைகள் எல்லாம் கண்காணிப்பையும், செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்கத்தையும் பற்றியவை. விலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இது இன்று நேற்றைய வருத்தமன்று. 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் ஆகியவை நீதிமன்ற உத்தரவு ஏதுமின்றி, அரசு ரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்துக்கான நன்கொடைகளை அடைத்தபோதும், 2020-இல் நைஜீரியாவில் காவல்துறை அத்துமீறலை எதிர்த்துப் போராடிய பெண்கள் வங்கி வழி அடைபட்டுப் பிட்காயினில் நிதி திரட்டியபோதும், தங்கள் இதழின் வணிகப் பக்கத்தில் அன்றன்றைய விலை மட்டுமே வந்தது. மனித உரிமை அமைப்பொன்றுக்கு நான் அனுப்பிய சிறு தொகையை என் வங்கி காரணம் கூறாமல் திருப்பியனுப்பியது. நேரில் சென்று கேட்டபோது, "மேலிடத்து முடிவு" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. என் பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைக்கூட இன்னொருவர் தீர்மானிப்பதை அனுபவித்தவனுக்கு, அந்த அரங்கில் பேசப்பட்டது முழுக்க முழுக்க அரசியல் என்பது விளங்கும்.

இத்துறையில் மோசடிகள் மலிந்திருப்பதை நான் மறுக்கவில்லை. 2022-இல், வாடிக்கையாளர்களின் பணத்தைத் தன் கையில் வைத்திருந்த எஃப்டிஎக்ஸ் என்ற மின்பணச் சந்தை நிறுவனம் சரிந்ததில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களின் துயரம் பெரிது. ஆனால் அந்த நிறுவனம் செய்ததற்கு, பிறர் கையில் பணத்தை ஒப்படைக்காதீர்கள் என்று ஓயாமல் சொல்லிவருபவர்களைப் பழிப்பது நியாயமாகாது.

கட்டுரையுடன் வந்த படத்தின் கீழ், பாரலெல்னி போலிஸ் 2017-இல் தொடங்கப்பட்டதாக அச்சாகியிருக்கிறது. அதை 2014 என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறும், இம்மாநாடு குறித்த செய்தியை இனி வணிகப் பக்கத்தில் போடாதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்