தரங்கம்பாடி சாலையோர வரலாற்று நினைவுக்கல்: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்கால் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து நம் ஊருக்குள் பிரியும் திருப்பத்தில் வரலாற்று நினைவுக்கல் நிறுவும் பணி முழுமையாக முடிந்துவிட்டது. நம் சங்கத்தின் பொதுக்குழு இதற்கு 4,20,000 ரூபாய்க்கு ஒப்புதல் அளித்திருந்தது. செலவு 5,06,000 ரூபாயாக ஆகியிருக்கிறது. இந்தக் கூடுதல் 86,000 ரூபாயைப் பற்றி நேரிலும் முதுகுக்குப் பின்னாலும் பலவாறு பேசப்படுவதால், அதற்கே முதலில் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதில் 31,000 ரூபாய் அடித்தளத்துக்குச் சென்றது. சாலை போட்டபோது நிரப்பிய மண்ணுக்குக் கீழே இளகிய கடல்மணல் இருந்ததால், இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் கல்லையும் பீடத்தையும் தாங்கும் வகையில் குழியை ஆழப்படுத்திக் கான்கிரீட் இட வேண்டியிருந்தது. தோண்டிய குழியை அப்போதே உறுப்பினர்கள் பலர் வந்து பார்த்தார்கள்.

மீதி 55,000 ரூபாய்தான் சச்சரவுக்கு உரியது. கல்லைப் பீடத்தோடு பிணைக்கும் கம்பிகள் கடலோரத்துக்கு ஏற்ற 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தோம். உப்புக்காற்று வீசும் நம் ஊரில் சாதாரண இரும்பு துருவேறினால் பருக்கும். பருத்தால் தன்னைச் சுற்றியிருக்கும் கல்லையே பிளந்துவிடும். கல் நின்ற மறுநாள், பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் குழு உறுப்பினர் ஒருவர், பின்புறம் பூசாமல் விட்டிருந்த கம்பி முனையில் ஒரு சிறு காந்தத்தை வைத்தார். அது பட்டென்று ஒட்டிக்கொண்டது. அந்தத் தர எஃகில் காந்தம் அப்படி ஒட்டாது. நகத்தால் சுரண்டியபோது வெள்ளி நிறப் பூச்சு உரிந்து, அடியில் கறுத்த இரும்பு தெரிந்தது.

ஒப்பந்தக்காரர் முதலில் மறுத்தார்; பிறகு, சந்தையில் அந்தத் தரக் கம்பி கிடைக்கவில்லை என்றார்; இறுதியாக, பூச்சே போதும், யாரும் பார்க்கப்போவதில்லை என்றார். கல்லை இறக்கி மீண்டும் நிறுத்தும்படி குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. இறக்கும்போது கல்லின் கீழ் மூலையில் விரிசல் கண்டது. எழுத்து பொறித்து முடித்திருந்த கல்லில் ஒட்டுப்போட்டு நிறுத்துவதற்கு எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. புதுக்கல்லுக்கும் பொறிப்புக்கும் 1,10,000 ரூபாய் ஆனது. முழுத் தொகையையும் அவரே ஏற்க வேண்டும் என்பது எங்கள் நிலை. இறக்கச் சொன்னது குழுதான், எனவே முழுதும் குழுவின் பொறுப்பு என்பது அவர் நிலை. பல அமர்வுகளுக்குப் பின் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. வேலை முடியும்வரை கொடுக்காமல் நிறுத்திவைத்திருந்த அவருடைய பிடித்தத் தொகையிலிருந்து அவர் பங்கைக் கழித்துக்கொண்டோம்.

"விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்" என்று சில உறுப்பினர்கள் வருந்துகிறார்கள். வழக்குக்குச் சென்றிருந்தால் தீர்ப்பு எந்த ஆண்டு வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதுவரை சாலையோரத்தில் வெறும் பீடம் மட்டும் நின்றிருக்கும். "இரும்போடு விட்டிருக்கலாமே, செலவு மிஞ்சியிருக்குமே" என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான்: நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் பிளக்கப்போகிறது என்று தெரிந்தே ஒரு கல்லை நிறுத்த நாங்கள் பொறுப்பேற்கவில்லை. புதுக்கல்லை நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் காந்தம் வைத்துப் பார்த்தே உள்ளே இறக்கினோம்.

கல்லில் என்ன எழுதுவது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. டென்மார்க்காரர் வருகையிலிருந்தே தொடங்கலாம் என்பது முதல் வரைவு. அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் மாசிலாமணி நாதர் கோயில் எழுந்த ஊர் இது. அலை அரித்தது போக அக்கோயிலில் எஞ்சியது இன்றும் கரையில் நிற்கிறது. ஆகவே கோயிலை முதல் வரியாக வைத்தோம். அடுத்த வரியில் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்காரருடன் செய்த உடன்படிக்கையும், அதன் வழியே எழுந்த டான்ஸ்போர்க் கோட்டையும் வருகின்றன. நாயக்கர் இடம் கொடுத்ததால்தான் கோட்டை வந்தது என்பதால் அவர் பெயரே முன்னால் இருக்கிறது. பின்னர் 1706இல் ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு கரையிறங்கியதும், 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த அச்சுக்கூடமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும், 1792ஆம் ஆண்டின் நகர வாயிலும் இடம்பெறுகின்றன.

இறுதி வரியை நீக்கும்படி சிலர் மிகவும் வற்புறுத்தினார்கள். 1845இல் டென்மார்க் இந்த ஊரை வங்கத்திலுள்ள சேராம்பூர் முதலிய தன் பிற இடங்களோடு சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது என்பதே அந்த வரி. ஊருக்கு இழுக்கு என்றார்கள். இங்கே வாழ்ந்தவர்களை ஒரு சொல் கேட்காமல் ஊர் கைமாறியதை மறைத்துவிட்டுக் கோட்டையின் அழகை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது என்று குழு கருதியது, வரி நிற்கிறது.

கல்லைக் கோட்டை வாசலில் வைக்காமல் நெடுஞ்சாலையில் வைத்தது ஏன் என்ற கேள்விக்கு: கோட்டைக்கு வருகிறவர்களுக்கு ஊர் தெரியும். நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் வண்டியில் விரைகிறவர்களுக்குத்தான் தெரியாது.

நெடுஞ்சாலைத் துறை அனுமதி, சுற்றுவேலி, தரைக்கல் பதிப்பு, சூரிய ஒளி விளக்கு ஆகியவை குறித்த செலவுக்குள் முடிந்தன.

பொருளுதவி செய்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் இவ்வறிக்கை முடியாது. மீனவர் பஞ்சாயத்தார், கோயில் அறங்காவலர்கள், பள்ளிவாசல் ஜமாஅத்தார், ஆலயச் சபையார், கடைத்தெரு வணிகர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள், தம் ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் தந்துவந்த தலைமையாசிரியை அம்மா, உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளி மாணவர்கள், கூலியில் ஒரு பங்கைத் திருப்பித் தந்த கல்தச்சர்கள் என்று எல்லோரும் கொடுத்தார்கள். கூடுதல் செலவு என்று தெரிந்ததும் பஞ்சாயத்தார் இரண்டாம் முறையும் வசூலித்துத் தந்ததால், சங்கத்தின் வைப்புநிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க நேரவில்லை. பெயரும் தொகையும் அடங்கிய முழுப் பட்டியல் சங்க அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது.

விலைப்புள்ளிகள், ஒப்பந்தம், பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தக்காரருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, கழற்றியெடுத்த பழைய கம்பிகள் ஆகிய அனைத்தும் அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர் எவரும் வந்து பார்க்கலாம். எழுத்துகளில் படியும் உப்பை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நன்னீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் இருவரைப் பொறுப்பாக நியமிக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் முன்வைக்கிறோம்.

இவண்,
நினைவுக்கல் அமைப்புக் குழுவினர்